யாருக்கும் சொந்தமில்லாத பதினான்கு மணி நேரம்

இருபத்திரண்டு வருடம் இதயத்தோடு குடித்தனம் நடத்தியவள் நான். நெஞ்சைத் திறந்து ஆபரேஷன் செய்யும்போது இதயத்தை நிறுத்திவிட்டு, அதன் வேலையை ஒரு இயந்திரத்திடம் ஒப்படைப்பார்களே, அந்த இயந்திரத்தை ஓட்டுவதுதான் என் பிழைப்பு. போன வருடம் திடீரென்று கூப்பிட்டு, "கல்லீரல் ஆராய்ச்சி ரூமுக்குப் போங்க, அங்கேயும் ஒரு பம்ப் மெஷின் வந்திருக்கு, ஓட்ட ஆள் இல்ல" என்றார்கள். எனக்குக் கோபம் மூக்குக்கு மேல் வந்தது. இதயம் என்றால் துடிக்கும், தாளம் போடும், எந்தக் கதையிலும் முன்வரிசையில் உட்காரும். கல்லீரல் என்ன செய்யும்? வலது விலாவுக்கு அடியில் ஒன்றரைக் கிலோ சதையாகப் படுத்துக் கிடக்கும். நெஞ்சைத் தொட்டுச் சொல் என்கிறோம். கல்லீரலைத் தொட்டுச் சொல் என்று எவனாவது கேட்டிருக்கிறானா?

போய்ச் சேர்ந்தேன். முகத்தை ஒரு முழத்துக்குத் தூக்கி வைத்துக்கொண்டுதான் போனேன்.

அந்த ரூமில் நடப்பது இதுதான். இறந்தவர்கள் தானமாகக் கொடுத்த கல்லீரல்களில் சிலவற்றை எந்த சர்ஜனும் எடுத்துக்கொள்ள மாட்டார். கொழுப்பு அதிகம், வயது அதிகம், ஐஸில் நேரம் அதிகம் என்று ஏதாவது ஒரு குறை. அப்படித் தள்ளிவிட்டதை நாங்கள் வாங்கி, பெட்டிக்குள் வைத்து, உடம்பின் சூட்டிலேயே ரத்தம் ஓட்டிப் பார்ப்போம். நான்கு மணி நேரத்துக்குள் அது உருப்படியாக வேலை செய்தால், காத்திருக்கும் நோயாளிக்கு வைக்கலாம். இல்லாவிட்டால் தூர எறிய வேண்டியதுதான். உருப்படியாக வேலை செய்கிறது என்பதை எப்படி அறிவது? ரத்தத்தில் லாக்டேட் என்று ஒரு புளிப்புக் கழிவு சேரும். நல்ல கல்லீரல் அதைத் தின்று தீர்க்கும். நான்காம் மணி நேரத்தில் அது இரண்டரைக்குக் கீழே இறங்கியிருக்க வேண்டும். எங்கள் ஆராய்ச்சியின் விதி அது.

எனக்கு என்று தனியாக ஒரு விதி இருந்தது. ரத்தத்தை சிரிஞ்சில் எடுத்தால் பத்து நிமிடத்துக்குள் பரிசோதனைக் கருவியில் போட்டாக வேண்டும். சிரிஞ்சுக்குள் இருக்கும் சிவப்பணுக்கள் உயிரோடுதான் இருக்கின்றன. சும்மா கிடக்கும் நேரத்தில் அவை சர்க்கரையைத் தின்று அதே லாக்டேட்டைத் துப்பும். போதாக்குறைக்குச் சூடான இடத்தில் கிடந்தால் கேட்கவே வேண்டாம். கல்லீரல் செய்யாத குற்றத்துக்கு சிரிஞ்ச் பொய்ச்சாட்சி சொல்லிவிடும். இதை மறந்த எத்தனை பேரை நான் காய்ச்சி எடுத்திருக்கிறேன்! ஒரு டாக்டரைக்கூட விடவில்லை. "எட்டு வருஷம் படிச்சீங்களே, அதுல பத்து வரைக்கும் எண்ணக் கத்துக் குடுக்கலையா?" என்று கேட்டேன். அதிலிருந்து எனக்கு ஹெட்மாஸ்டர் என்று பட்டம். எதிரே சொல்லமாட்டார்கள், முதுகுக்குப் பின்னால்தான்.

அன்று காலை ஆறரைக்கு ஐஸ் பெட்டி வந்தது. ஐம்பத்தெட்டு வயதுக்காரருடையது என்பதற்கு மேல் எங்களுக்கு ஒன்றும் சொல்லக் கூடாது. நான்கு ஆஸ்பத்திரிகள் பார்த்துவிட்டு வேண்டாம் என்று கையை விரித்த கல்லீரல். மூடியைத் திறந்தேன். வெளிறிப்போன, எண்ணெய்ப் பசையோடு மஞ்சள் பூத்த சதை. விரலால் அழுத்தினால் வெண்ணெயில் அழுத்தியதுபோலப் பள்ளம் விழுந்தது.

"இதுக்கா என் தூக்கத்தைக் கெடுத்தீங்க டாக்டர்?" என்றேன்.

எங்கள் சர்ஜன் என்னைவிடப் பதினைந்து வயது சின்னவள். அதிகம் பேசமாட்டாள். தமாஷ் சொன்னால் அரை நிமிடம் கழித்துத்தான் சிரிப்பாள். "நாலாவது மாடி வேன்காரருக்கு இது ரத்தப் பொருத்தம், அக்கா" என்றாள். உடனே கையுறையை மாட்டினேன்.

வேன்காரரை எனக்குத் தெரியும். பள்ளிக்கூட வேன் ஓட்டியவர், வயது நாற்பத்தாறு. ஆராய்ச்சியில் சேரக் கையெழுத்துப் போட வந்த அன்றைக்கு, மெஷினை விளக்கிச் சொன்னது நான்தான். சர்க்கரை வியாதி, உட்கார்ந்த வேலை, கொஞ்சம் கொஞ்சமாகக் கல்லீரலில் கொழுப்பு சேர்ந்து, பிறகு தழும்பு விழுந்து, இப்போது கல்போல ஆகிவிட்டது. ஒரு சொட்டு சாராயம் தொட்டதில்லை. ஆனால் பார்ப்பவர்கள் எல்லாரும், "எவ்வளவு குடிப்பீங்க?" என்றுதான் முதலில் கேட்பார்களாம். "குடிச்சிருந்தாலும் பரவாயில்லை அக்கா, அனுபவிச்சோம்னு ஒரு திருப்தியாவது இருந்திருக்கும்" என்று சிரித்தார். பக்கத்தில் இருந்த மனைவி, "சாகப்போற நேரத்துலயும் இவருக்குக் கிண்டல்" என்று அவர் தொடையில் ஒரு கிள்ளு கிள்ளினாள். கிள்ளிவிட்டுச் சொன்ன சொல்லின் அர்த்தம் உறைத்து, முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டாள்.

இரண்டு முறை கல்லீரல் வருகிறது என்று கூப்பிட்டு, இரண்டு முறையும் சரியில்லை என்று திருப்பி அனுப்பியிருந்தோம். இப்போது வயிறு முழுக்க நீர் கோத்து, மூன்று நாளாகப் பேச்சு அவ்வப்போது குழறுகிறது. இன்னும் ஒரு வாரம், மிஞ்சினால் பத்து நாள் என்று சர்ஜன் சொல்லியிருந்தாள். இது மூன்றாவது முறை. நான்காவது முறை என்ற ஒன்று இருக்காது.

ஏழு மணிக்குக் குழாய்களை மாட்டி முடித்தோம். ரத்தம் உள்ளே போக இரண்டு குழாய், வெளியே வர ஒன்று, பித்தநீர் சொட்டுவதற்கு மெல்லியதாக ஒன்று, அதன் முனையில் அளவு போட்ட கண்ணாடிக் குடுவை. பம்ப்பைத் திறந்தேன். இதை நான் முப்பது தடவைக்கு மேல் பார்த்துவிட்டேன், ஆனாலும் ஒவ்வொரு தடவையும் எனக்குப் புல்லரிக்கும். ஓரத்தில் ஒரு சிவப்புத் திட்டு. பிறகு இன்னொன்று. வெளிறிக் கிடந்தது முகம் சிவப்பதுபோல மெல்லச் சிவந்து, ஐந்தே நிமிடத்தில் முழுதும் நிறம் திரும்பிவிட்டது. கையை வைத்தால் கதகதப்பு. யாருடைய உடம்பிலும் இல்லை, தலைமாட்டில் மூளை இல்லை, உசுப்பிவிட ஒரு நரம்புகூட இல்லை. ரத்தம் வந்தது, அது எழுந்து வேலைக்குப் போய்விட்டது. அவ்வளவுதான். மனிதர்களை எழுப்புவதற்குள் நம் தொண்டை வற்றிப்போகிறது!

எட்டு மணிக்கு லாக்டேட் எட்டு. ஒன்பதுக்கு ஐந்து. பத்துக்கு மூன்றரை. இறங்கிக்கொண்டிருந்தது, ஆனால் ஆமை வேகம். குடுவையின் அடியில் பித்தநீர் கொஞ்சம் சேர்ந்திருந்தது.

நான்காம் மணி நேரத்து ரத்தத்தைப் பத்து ஐம்பதுக்கு எடுத்தேன். சிரிஞ்சின் மேல் நேரத்தை எழுதி ஒட்டினேன். பரிசோதனைக் கருவி அந்த நேரம் பார்த்துத் தன்னைத்தானே கழுவிக்கொண்டிருந்தது. ஐந்து நிமிடம் பொறுக்கச் சொல்லித் திரையில் மணல்கடிகாரம். சிரிஞ்சைப் பெட்டியின் மூடிமேல் வைத்தேன். அப்போது கதவில் யாரோ தட்டினார்கள்.

தட்டியது வேன்காரர் மனைவி. அந்த மாடிக்கு வெளியாட்கள் வரவே கூடாது. எப்படி ஏறி வந்தாளோ. கதவை அரையடி திறந்து, வள்ளென்று விழலாம் என்று வாயெடுத்தேன்.

"அக்கா, ஒண்ணே ஒண்ணு கேட்டுட்டுப் போயிடறேன். அது உயிரோட இருக்கா, செத்துப்போச்சா?"

ஒரு வருடமாக அந்தப் பெட்டிக்குப் பக்கத்தில் நிற்கிறேன். ஒருத்தரும் இதைக் கேட்டதில்லை, நானும் என்னைக் கேட்டுக்கொண்டதில்லை. "உள்ள வராதே. கண்ணாடி வழியா பாரு" என்று அவளைப் பக்கத்துத் தாழ்வாரத்துக் கண்ணாடிச் சுவரிடம் கூட்டிப்போனேன்.

"அந்த மெல்லிசு குழாயைப் பாரும்மா. கண்ணை எடுக்காதே."

அவள் நெற்றியைக் கண்ணாடியில் பதித்துக்கொண்டு பார்த்தாள். குழாயின் முனையில் ஒரு மணி திரண்டது. தேன் நிறம், கொஞ்சம் பச்சை கலந்த தேன். கனத்து, நீண்டு, குடுவைக்குள் விழுந்தது. அவள் மூச்சை உள்ளே இழுத்த சத்தம் எனக்குக் கேட்டது.

"அது என்னக்கா?"

"பித்தம். நாம சாப்பிடறதுல இருக்கிற எண்ணெயைக் கரைக்கிறது. இது இப்ப யார் சாப்பாட்டுக்குப் பித்தம் சுரக்குதுன்னு சொல்லு பார்ப்போம்? கீழே குடலும் இல்ல, மேலே வயிறும் இல்ல. அதுபாட்டுக்குச் செய்யுது."

பிறகு என் வாய் நிற்கவில்லை. ஐந்நூறு வேலை செய்யும் இது, ஒரு தொழிற்சாலை கட்டி அத்தனையையும் செய்ய இன்னும் யாராலும் முடியவில்லை என்றேன். பாதியை வெட்டி எடுத்தால் சில மாதத்தில் பழைய அளவுக்கு வளர்ந்து நிற்கும், அப்போது போதும் என்று தானாகவே நிறுத்திக்கொள்ளும், எப்படித் தெரிகிறது என்று ஆராய்ச்சிக்காரர்கள் மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கிறார்கள் என்றேன். "இதுலயும் கொழுப்புதான்னு சொன்னாங்களே, இவருக்கு வந்த அதே சனியன்தானே?" என்று கேட்டாள். "கொழுப்பு கரையும்மா. உன் வீட்டுக்காரருக்குத் தழும்பாயிடுச்சு, தழும்புதான் கரையாது" என்றேன். அவள் கேட்கக் கேட்க நான் சொன்னேன். இதயத்தைப் பற்றிக்கூட நான் யாரிடமும் இப்படிப் பேசியதில்லை. இரண்டு பெண்களும் கண்ணாடியில் மூக்கை வைத்துக்கொண்டு சொட்டு எண்ணிக்கொண்டு நின்றோம். அவள் இருபத்தேழு என்றாள், நான் இருபத்தெட்டு என்று சண்டைக்கே போனேன்.

சர்ஜன் வரும் செருப்புச் சத்தம் கேட்டதும் அவளை மாடிப்படிக்கு விரட்டிவிட்டு உள்ளே ஓடினேன். மூடிமேல் இருந்த சிரிஞ்சை எடுத்துக் கருவியில் செருகினேன். சர்ஜன் என் தோளுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

இரண்டு புள்ளி ஏழு.

"ரெண்டரைக்கும் ரெண்டேமுக்காலுக்கும் என்ன டாக்டர் பெரிய வித்தியாசம்? முடி அளவு" என்றேன் நான். என் குரல் எனக்கே கெஞ்சுவதுபோல் இருந்தது.

"இன்னைக்கு ரெண்டு ஏழை விட்டா நாளைக்கு மூணை விடுவோம். ஒரு நாள் யாராவது டேபிள்லயே போயிடுவாங்க. நாமதானே அக்கா இந்தக் கோட்டைப் போட்டோம்?" முகமூடியைக் கழற்றிக் கையில் சுருட்டினாள். "பன்னெண்டு மணிக்கு ஆராய்ச்சிக்குத் திசு எடுக்க வருவாங்க. அதுவரைக்கும் ஓடட்டும். அப்புறம் நிறுத்திடுங்க. நான் போய் அவர்கிட்ட சொல்றேன்."

அவள் போனதும் எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை. மேசையைத் துடைத்தேன். துடைத்த மேசையையே மறுபடி துடைத்தேன். பெட்டிக்குள் அது பாட்டுக்குச் சிவந்து பளபளவென்று கிடந்தது. அதன்மேல் எனக்கு ஆத்திரமாக வந்தது. "இவ்வளவு தூரம் வந்தியே, இன்னும் ரெண்டு புள்ளி இறங்கறதுக்கு உனக்கென்ன கேடு?" என்று வாய்விட்டே திட்டினேன்.

பன்னிரண்டுக்கு ஐந்து நிமிடம். கண்ணாடியில் படபடவென்று தட்டும் சத்தம். திரும்பிப் பார்த்தால் வேன்காரர் மனைவி. தலை கலைந்து, மூச்சிரைக்க நின்றாள். கதவைத் திறந்தேன்.

"வேலை செய்யலைன்னு சொல்றாங்கக்கா. எப்படிச் செய்யலைன்னு சொல்லலாம்? நான் பார்த்தேனே! என் ரெண்டு கண்ணால பார்த்தேன். நீங்களும்தானே கூட நின்னீங்க? அவ்வளவு நேரமும் சொட்டு நிக்கவே இல்லையே!"

"அந்த நம்பர் இறங்கலைம்மா..."

"நம்பரைத் தூக்கிக் குப்பையில போடுங்க! முக்கா மணி நேரம் நின்னு பார்த்தோமே அக்கா, முக்கா மணி நேரம்!"

முக்கால் மணி நேரம் என்று அவள் இரண்டாம் தடவை சொன்னபோதுதான் எனக்கு உறைத்தது. அவளை வாசலிலேயே விட்டுவிட்டு மேசைக்கு ஓடினேன். குப்பைக்கூடையிலிருந்து சிரிஞ்சை எடுத்தேன். என் கையெழுத்து: பத்து ஐம்பது. கருவி அச்சடித்துத் தந்த சீட்டை எடுத்தேன்: பதினொன்று முப்பத்துநான்கு. நாற்பத்துநான்கு நிமிடம் அந்த ரத்தம் சிரிஞ்சுக்குள் கிடந்திருக்கிறது. எங்கே கிடந்தது? முப்பத்தேழு டிகிரியில் சூடாக்கிய பெட்டியின் மூடிமேல்.

எனக்கு ஈரக்குலையே நடுங்கிவிட்டது. வேறு எவளாவது இதைச் செய்திருந்தால் அவளை உண்டு இல்லை என்று பண்ணியிருப்பேன். செய்தது நான். அதுவும் எதற்காக? அது எவ்வளவு அழகாக வேலை செய்கிறது என்று ஊருக்குக் காட்டிப் பெருமையடித்துக்கொண்டு நின்றதற்காக.

போனை எடுத்தேன். "டாக்டர், அந்த ரெண்டு புள்ளி ஏழு செல்லாது. தப்பு என்னுது. ரத்தத்தை எடுத்து நாற்பத்துநாலு நிமிஷம் சூட்டுல வச்சிருந்தேன்."

"நீங்களா?" என்றாள்.

"நானேதான். அப்புறமா ஆச்சரியப்படுங்க, இப்ப வாங்க."

தவறிய ரத்த மாதிரிக்கு மறுமாதிரி எடுக்க எங்கள் விதியில் இடம் உண்டு. தவறியவர் காரணம் எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். அந்தத் தாளை நான் பல பேருக்கு நீட்டியிருக்கிறேன், நீட்டும்போது இரண்டு வார்த்தை சூடாகவும் கொடுத்திருக்கிறேன். அன்றைக்கு அதில் என் பெயரையே எழுதினேன். காரணம் என்ற இடத்தில் 'கவனக்குறைவு' என்று மட்டும் எழுதினேன். யார் தட்டினார்கள், யாரிடம் பேசினேன் என்பதெல்லாம் அந்தத் தாளுக்கு அவசியமில்லை.

சர்ஜன் பக்கத்திலேயே நிற்க, புது ரத்தத்தை எடுத்தேன். எடுத்த கையோடு கருவியில் போட்டேன். ஒன்றரை நிமிடம் ஆகும் முடிவு வர. அந்த ஒன்றரை நிமிடத்தில் நான் கும்பிடாத சாமி இல்லை.

ஒன்று புள்ளி ஆறு.

சர்ஜன் சீட்டை இரண்டு தடவை படித்தாள். பித்தநீரின் காரத்தன்மையைப் பார்த்தாள். சர்க்கரையைப் பார்த்தாள். பிறகு பெட்டியிடம் போய், கையுறை போட்ட உள்ளங்கையைக் கல்லீரலின் மேல் வைத்தாள். "நாலு ஆஸ்பத்திரி வேண்டாம்னு சொல்லிச்சு" என்றாள் மெதுவாக. "நானும் சொன்னேன், அரை மணி நேரத்துக்கு முன்னாடி." அவள் கண் கலங்கி அன்றுதான் பார்த்தேன்.

நான்காவது மாடிக்குப் போன் போட்டோம். அங்கே நர்ஸ் தலையில் அடித்துக்கொள்ளும் சத்தம் எனக்கே கேட்டது. வேண்டாம் என்று சொன்னதும், ராத்திரி முழுக்கப் பட்டினி கிடந்த மனுஷன் இரண்டு பன்னும் ஒரு கப் டீயும் வாங்கி உள்ளே தள்ளியிருக்கிறார். ஓடிப்போய்ப் பார்த்தால் உதட்டில் துணுக்கு ஒட்டிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். "இல்லைன்னு சொன்னீங்க, பசிச்சுது, தின்னுட்டேன். என் மேல என்ன தப்பு?" என்றார். தப்பு யார் மேல் என்று எனக்குத்தானே தெரியும்.

மயக்க மருந்து டாக்டர் ஒரே பிடியாக நின்றார். "வயித்துல இவ்வளவு நீர் இருக்கு. சாப்பாடு லேசுல இறங்காது. மயக்கத்துல மேலே எழும்பி நுரையீரலுக்குள்ள போச்சுன்னா அதோட முடிஞ்சுது. ஆறு மணி நேரம். ஒரு நிமிஷம் குறைஞ்சாலும் நான் ஊசியைத் தொடமாட்டேன்."

ஐஸில் வைக்கும் பழைய முறையாக இருந்தால் கதை அங்கேயே முடிந்திருக்கும். ஏற்கெனவே நொந்துபோன கல்லீரல், இன்னும் ஆறு மணி நேர ஐஸைத் தாங்காது. இரண்டு பன்னுக்காக ஒரு உயிர் போயிருக்கும். சர்ஜன் என்னைப் பார்த்தாள். "காத்திருக்குமா அக்கா?"

"அது காத்திருக்கும். நான் பார்த்துக்கறேன்" என்றேன்.

அந்த ஆறு மணி நேரமும் அதன்மேலிருந்து கண்ணை எடுக்கவில்லை. சர்க்கரை குறைந்தால் கொடுத்தேன், மிஞ்சினால் அது தனக்குள் எடுத்துப் பத்திரப்படுத்திக்கொண்டது. மூன்று மணிக்கு லாக்டேட் ஒன்றுக்கும் கீழே. குடுவை நிரம்பி வேறு குடுவை மாற்றினேன். ஒருவர் உடம்பை விட்டு வந்தாகிவிட்டது. இன்னொருவர் உடம்புக்கு இன்னும் போகவில்லை. இடைப்பட்ட இந்தப் பொழுதில் அது யாருடையது? யாருடையதும் இல்லை. செத்தவர் குடும்பம் எங்கேயோ அழுதுகொண்டிருக்கும். நாலாவது மாடியில் ஒருவர் பன்னைச் செரிக்கப் பாடுபட்டுக்கொண்டிருந்தார். நடுவே இது, நல்லது செய்கிறோம் என்ற நினைப்புகூட இல்லாமல் ரத்தத்தைச் சுத்தம் செய்துகொண்டிருந்தது. எனக்கு அழுகை வந்தது. அழுதேன். பார்க்க ஆள் இல்லாதபோது அழுவதில் என்ன வெட்கம்?

வேன்காரர் மனைவி தாழ்வாரத்திலேயே உட்கார்ந்துவிட்டாள். நான் விரட்டவில்லை. நாலு மணிக்கு வெளியே போய், கண்ணாடி வழியாகப் பெட்டி கண்ணில் படும்படி அவள் பக்கத்தில் தரையில் உட்கார்ந்தேன். எப்படியும் யாராவது ஒருவர் அவளிடம் சொல்லத்தான் போகிறார்கள், நானே சொல்வது மேல்.

"காலையில இல்லைன்னு சொன்னது என்னாலதான்ம்மா. ரத்தத்தை நேரத்துக்குப் போடாம விட்டுட்டேன்."

அவள் என்னையே பார்த்தாள். கணக்குப் போடுவது முகத்தில் தெரிந்தது. "நான் வந்து தட்டினேனே, அப்பவா?"

பொய் சொல்லலாமா என்று ஒரு நொடி யோசித்தேன். எனக்கு அது வராது. "ஆமா."

"ஐயோ" என்று அவள் முகத்தைப் பொத்திக்கொண்டாள். "நான் தட்டாம இருந்திருந்தா..."

"கையை எடு. எடுன்னு சொல்றேன்ல? கதவைத் திறந்தது நான், வாயைத் திறந்ததும் நான். அதுக்குக் கையெழுத்தும் போட்டாச்சு. நீ ரெண்டாவது தடவை வந்து கண்ணாடியை உடைக்கிற மாதிரி தட்டினியே, அதை நினைச்சுக்கோ. நீ வரலைன்னா இந்நேரம் அது துண்டு துண்டா பாட்டில்ல இருக்கும்."

அவள் என் தோளில் சாய்ந்து குலுங்கிக் குலுங்கி அழுதாள். என் சட்டை முழுக்க நனைந்தது. நான் ஒன்றும் சொல்லவில்லை, அது ஒரு அதிசயம்தான்.

ஆறு மணிக்கு வேன்காரருக்கு மயக்க மருந்து கொடுத்தார்கள், ராத்திரி ஒன்பது மணிக்குக் குழாய்களைக் கழற்றினோம். சர்ஜன் என்னைத் தியேட்டருக்குள் வரச் சொன்னாள். ஏற்கெனவே வேன்காரரின் பழைய கல்லீரலை எடுத்து ஒரு தட்டில் வைத்திருந்தார்கள். சுருங்கி, முண்டும் முடிச்சுமாகக் கிடந்தது. இத்தனை வருடம் இதை வைத்துக்கொண்டா இந்த மனுஷன் சிரித்துக்கொண்டிருந்தார் என்று எனக்குத் தோன்றியது. புதியதை வைத்துத் தைத்து, ரத்தத்தை அடைத்திருந்த கிளாம்ப்பை எடுத்தார்கள். இந்த முறை பம்ப் என்னுடையது இல்லை. அவருடைய இதயம் தள்ளியது, அவருடைய ரத்தம் போனது. ஓரத்தில் ஒரு சிவப்புத் திட்டு, பிறகு இன்னொன்று. பித்தக்குழாயை இன்னும் இணைக்கவில்லை. அதன் வெட்டு வாயில் தேன் நிறத்தில் ஒரு மணி திரண்டது. மயக்க மருந்து டாக்டர்கூட எட்டிப்பார்த்தார்.

அதன்பிறகு ஒரு வாரம் எனக்கு வேலை தலைக்கு மேல். ஏழாம் நாள் காலை வேன்காரர் மனைவியே வந்து கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள். வேன்காரர் ஜன்னலோரக் கட்டிலில் தலையணைக்குச் சாய்ந்து உட்கார்ந்திருந்தார். மெலிந்துபோயிருந்தார், ஆனால் பேச்சு தெளிவாக இருந்தது. "வாங்கக்கா. சாப்பிட்டுட்டு ஆபரேஷனுக்கு வந்த முதல் ஆள் நான்தானாமே?" என்றார்.

"பேசாதீங்க. இந்தப் பக்கம் திரும்புங்க" என்றாள் அவள். இரண்டு வருடமாகத் தினமும் காலையில் எழுந்ததும் முதல் வேலையாக அவர் கண்ணைத்தான் பார்ப்பாளாம். வெளிச்சத்தில் நிறுத்தி, கீழ் இமையைக் கட்டைவிரலால் இழுத்து, இன்றைக்கு மஞ்சள் ஏறியிருக்கிறதா என்று பார்த்துவிட்டுத்தான் பல் விளக்கவே போவாளாம். ஆபரேஷன் ஆனதிலிருந்து பயத்தில் பார்க்கவில்லை என்றாள். அவர் முகத்தை ஜன்னல் பக்கம் திருப்பினாள். கட்டைவிரலால் இமையை இழுத்தாள். குனிந்து பார்த்தாள். வெகுநேரம் அப்படியே பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடி, உயிரோட இருக்கேனா?" என்றார் அவர்.

இமையிலிருந்து விரலை எடுக்காமல் என் பக்கம் முகத்தைத் திருப்பினாள். கன்னமெல்லாம் நனைந்து, மோவாயிலிருந்து சொட்டியது.

"அக்கா, நீங்க பார்த்துச் சொல்லுங்களேன்" என்றாள். "எனக்கு ஒண்ணுமே தெரியலை."

நான் குனிந்து பார்த்தேன்.

"வெள்ளையா இருக்கும்மா" என்றேன்.